நாற்காலியின் முதுகு

ஜனவரி 6

அன்புள்ள மகனுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீயும் மருமகளும் நலமாக இருப்பதை அறிய ஆவல்.

மூன்று நாள் யோசித்து, சாதக பாதகங்களை நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிப் பார்த்து, நேற்றுக் காலை தேநீர் முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். கூடத்தில் கிடக்கும் என் பிரம்பு நாற்காலியைத் திருப்பிப் போடுவது என்பதே அம்முடிவு. பிற்பகலில் அது நிறைவேற்றப்பட்டது. இத்தனை காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலி இப்போது ஜன்னலைப் பார்க்கிறது. இதனால் பாதிக்கப்படக்கூடிய ஒரே நபர் நீ என்பதால் எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். வாசலுக்கு மேலே நீ ஏணி போட்டு மாட்டிவிட்டுப் போன கேமராவுக்கு இனி நாற்காலியின் முதுகும் என் பின்மண்டையும் தெரியும்.

நான் தெருவில் தடுக்கி விழுந்தது உண்மை. மறுக்கவில்லை. எழுபத்து நான்கு வயதில் ஒரே ஒரு முறை விழுந்தவனுக்கு ஒரு கேமரா, வாசற்கதவு திறந்தால் உனக்குச் செய்தி அனுப்பும் ஒரு வில்லை, நேரத்துக்குத் தானே திறக்கும் மாத்திரைப் பெட்டி, இவையெல்லாம் போதாதென்று உன் குரலிலேயே பேசும் ஒரு டப்பா. "அப்பா, மாத்திரை நேரம்" என்கிறது. "சரிடா" என்றால் "நீங்கள் சொன்னது புரியவில்லை" என்கிறது. நீ சிறு வயதில் இதைவிடச் சரளமாகப் பேசுவாய்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். டப்பாவுக்குக் காது உண்டு என்று சொன்னவன் நீதான். தவிர, நமக்குள் பேச்சுப் பழக்கம் எப்போதும் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் மாணவர் விடுதி வார்டனாக இருந்து, ஞாயிறுதோறும் ஒவ்வொரு பையனையும் வீட்டுக்குக் கடிதம் எழுத வைத்தவன் நான். நீயும் அந்த வரிசையில் உட்கார்ந்து எழுதியவன்தான். உன் கையெழுத்து அப்போது நன்றாக இருந்தது.

இப்படிக்கு,
அப்பா


ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். உங்கள் நலத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதால் தனியாக விசாரிக்கவில்லை.

நாற்காலி திரும்பியது எனக்கு அந்த நிமிடமே தெரியும். அதை அறிவிக்கும் கடிதம் கடல் தாண்டி வந்து சேர இரண்டரை வாரம் ஆனது. எது மேலான ஏற்பாடு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது சுகமானது. எனக்கும் அந்தச் சுகம் தெரியும். விடுதி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் நம் வீட்டுக் கொல்லை தெரியும். வார்டன் மகனுக்குச் சலுகை கிடையாது என்று என்னையும் விடுதியிலேயே சேர்த்திருந்தீர்கள். அம்மா துணி காயப்போட வருவாள். நான் கைகாட்டுவேன், அவளும் கைகாட்டுவாள். பிறகு நீங்கள் தச்சரை வரவழைத்து அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்தீர்கள். உங்கள் ஜன்னலுக்குப் பலகை அடிக்க நான் அங்கே இல்லை. தாராளமாகப் பாருங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சரக்குக் கிடங்கின் கண்காணிப்பு அறை. பெட்டி தூக்குகிறவர்கள் கழிப்பறையில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். நேர்காணலில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, மறுபக்கத்திலிருந்து என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் நன்மைக்காக ஓர் அன்றாட ஒழுங்கு வகுத்திருக்கிறேன். எழுப்பு மணி, குளியல் மணி, உணவு மணி, விளக்கணைப்பு மணி. எல்லாவற்றையும் டப்பா அடிக்கும். மணிச்சத்தம் தேடத்தான் கொஞ்சம் அலைந்தேன். நம் விடுதி வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டின் ஓசைக்கு மிக நெருக்கமாக ஒன்று கடைசியில் கிடைத்தது. பொழுது சாய்ந்த பிறகு வெளியே போக அனுமதி இல்லை. கைக்கடிகாரம் ஒன்றும் பார்சலில் வருகிறது. உங்கள் நடையையும் இதயத் துடிப்பையும் அது எனக்குச் சொல்லும்.

இன்னொரு முறை விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு உண்டு. ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் பேசி வைத்திருக்கிறேன். கலங்க வேண்டாம். அதுவும் ஒரு விடுதிதான். வார்டன் கண்டிப்பானவர் என்கிறார்கள்.

அன்புடன்,
மகன்


பிப்ரவரி 14

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம் என்பதைக் கடிகாரம் உனக்குச் சொல்லியிருக்கும். உங்கள் நலத்தைச் சொல்ல என்னிடம் கருவி இல்லாததால் பழைய முறையில் கேட்கிறேன். நலமா?

கடிகாரம் வந்தது. கட்டிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருக்கும்போது "எழுந்து நடக்கலாமே" என்கிறது. நடந்து வாசலுக்குப் போனால் டப்பா "வெளியே போகும் நேரம் அல்ல" என்கிறது. இருவரும் முதலில் கலந்து பேசிக்கொள்வது நல்லது.

மணிச்சத்தம் அச்சாக அப்படியே இருக்கிறது. முதல் நாள் கேட்டதும் எழுந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வருகைப்பதிவு எடுக்கத் தயாராகிவிட்டேன். வரிசையில் யாரும் இல்லை.

ஒரு விண்ணப்பம். மாலையில் நான் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். நாலு வீடு தள்ளி இருக்கும் சலூன். கடைக்காரரை ஊரே மந்திரி என்றுதான் கூப்பிடும். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஆலோசனை வழங்குவதால் வந்த பெயர். கடைசி ஆளுக்கு முடி வெட்டி முடித்ததும் கத்தரியைத் துடைத்து வைத்துவிட்டுச் செஸ் பலகையை எடுப்பார். உன் அம்மா போன பிறகு நான் வாய்விட்டுப் பேசும் மனிதர் அவர் ஒருவர்தான். டப்பாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் வராததைப் பார்த்து நேற்று வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன வார்டன் சார், வீட்டுக்காவலா?"

"பையன் உத்தரவு."

"போன வாரம் ஆட்டம் பாதியில நிக்குது. உங்க ராஜாவுக்கு ஆபத்து. பயந்துட்டு வரலன்னு ஊர்ல சொல்லிடுவேன், பாத்துக்குங்க."

ஆகவே நாள்தோறும் மாலை ஒரு மணி நேரம் வெளியே செல்ல அனுமதி கோருகிறேன். இதை விடுப்பு விண்ணப்பமாகக் கருதவும். விடுப்பு விண்ணப்பம் எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். உங்கள் ரத்த ஓட்டம் சீராக இருக்கிறது.

விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. காரணம் உங்களுக்குப் புதிதல்ல. "ஒருத்தனுக்கு அனுமதி கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்." அங்கே நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்று வாதிடலாம். விதி ஆளை எண்ணிப் பார்ப்பதில்லை என்று சொன்னவரும் நீங்கள்தான்.

விண்ணப்பத்தில் பிழை இல்லை. ஆனால் உருக்கம் சற்று அதிகம். பத்தாம் வகுப்புத் தேர்வு சமயத்தில் நான் எழுதிய விண்ணப்பத்தில் உருக்கமே இருக்காது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சமையல்காரர் சொன்னார், பத்து நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதில் நீங்கள் சிவப்பு மையில் எழுதியது எனக்கு மனப்பாடம்: "வீட்டுச் செய்திகள் கடிதம் மூலமே தெரிவிக்கப்படும்." விதிப்படியே தெரிவித்தீர்கள். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த செய்தியை மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதி, தபால்பெட்டியில் போட்டீர்கள். அது பெரிய தபால் நிலையம் வரை போய், முத்திரை வாங்கி, மதிலுக்கு இந்தப் பக்கம் என்னிடம் வந்தது. அது வருவதற்கு முதல் நாள் அம்மாவை எடுத்தாயிற்று.

தபால்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் சைக்கிளில் மதிலைச் சுற்றித்தானே வர வேண்டும்.

மாத்திரை வேளை தவறாமல் சாப்பிடுகிறீர்கள். மகிழ்ச்சி.

அன்புடன்,
மகன்


மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? அவனிடம் கேட்டால் கருவி எதுவும் அதைச் சொல்லவில்லை என்பான் என்பதால் உன்னிடமே கேட்கிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். போன தடவை வந்தபோது வாசலில் நின்று, "மாமா, நீங்க நெஜமாவே எப்படி இருக்கீங்கன்னு எனக்காவது சொல்லுங்க" என்றாயே, அதற்குப் பதில் இது. நான் நிஜமாகவே மிக நன்றாக இருக்கிறேன். கடந்த ஒரு வாரமாகத் தினமும் சலூனுக்குப் போய்வருகிறேன்.

பதட்டப்படாதே. விடுதிப் பையன்கள் செய்யாத தந்திரம் இல்லை. அக்குளில் வெங்காயம் வைத்துக் காய்ச்சல் வரவழைப்பார்கள். வருகைப்பதிவில் ஒருவனுக்காக இன்னொருவன் "உள்ளேன் ஐயா" என்பான். படுக்கையில் போர்வைக்குள் தலையணையை வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போவார்கள். அத்தனையையும் பிடித்தவன் நான். பிடித்த வித்தை கைவசம் இருக்கும்தானே.

ஒரு தலையணைக்கு என் கம்பளிக் குல்லாவை மாட்டி நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பின்னாலிருந்து பார்க்க அச்சு அசல் நான். கொஞ்சம் அடக்கமான நான். ஜனவரியில் நாற்காலியைத் திருப்பியபோது இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. கொல்லைக் கதவில் வில்லை ஒட்ட உன் கணவன் மறந்துவிட்டான். அந்த வழியாக வெளியே போகிறேன்.

மிச்சம் இருந்தது கடிகாரம். அதைக் கழற்றி வைத்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். யார் கையிலாவது இருந்தாக வேண்டும். மந்திரி கையை நீட்டினார்.

"எனக்குக் கட்டுங்க வார்டன் சார். வலது கையில கட்டுங்க. நான் ஒரு தலை வெட்டுறதுக்குள்ள உங்க பையன் பாத்துட்டு, அப்பா ஓட்டப் பந்தயத்துல கலந்துக்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

அப்படித்தான் நடக்கிறது. கத்தரி பிடித்த கை நாளெல்லாம் அசைவதால் அதைக் கடிகாரம் நடை என்று எண்ணிக்கொள்கிறது. பகலில் உன் மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பல மைல் நடக்கிறார். மந்திரி ராத்திரியும் அதைக் கழற்றுவதில்லை. அவருக்கு அது பிடித்துவிட்டது.

அவன் அம்மாவைப் பற்றி எனக்கு எழுதியிருந்தான். அதற்கு நான் பதில் எழுதவில்லை. அவள் போன சமயம் அவனுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

அவனிடம் சொல்லாதே. தெரிந்தால் முதியோர் இல்லம்தான். இந்த வீட்டையும் அந்த ஒரு மணி நேரத்தையும் விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலம் அறிய எனக்குக் கருவி இருக்கிறது.

உங்கள் நடை முன்னேற்றம் வியக்க வைக்கிறது. என் கிடங்கில் பெட்டி தூக்கும் இளைஞர்கள்கூட ஒரு நாளில் அவ்வளவு நடப்பதில்லை. எங்கள் மேலாளரிடம் காட்டினேன். இந்த ஆளை வேலைக்கு எடுக்க முடியுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் நடை குறைகிறது. அன்று யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

நாற்காலியில் நீங்கள் முன்பைவிட அமைதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கவே நிறைவாக இருக்கிறது. குல்லா அழகு.

ஒரு சிறு செய்தி. கடிகாரத்தைக் கட்டியிருப்பவரின் இதயம் அவ்வப்போது தாளம் தப்பி ஓடுகிறது என்று கருவி சொல்கிறது. மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்றும் சொல்கிறது. வீட்டுச் செய்திகள் கடிதம் மூலமே தெரிவிக்கப்படும் என்பதால் கடிதத்தில் தெரிவிக்கிறேன்.

வெயில் கூடிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
மகன்


ஏப்ரல் 28

அன்புள்ள மகனுக்கு,

இங்கு நான் நலம். இதை நீ நம்பத் தயாராக இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இதயம் பற்றிய உன் கடிதம் வந்தது. மாத ஆரம்பத்தில் ஒரு நாள் திடீரென்று போன் செய்து, "அப்பா, நெஞ்சுல ஏதாவது பண்ணுதா, உண்மைய சொல்லுங்க" என்றாய். உன் குரல் டப்பாவில் இருப்பதைவிடக் கொஞ்சம் நடுங்கியது. ஒன்றுமில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இப்போது எழுத்திலும் அதையே கேட்கிறாய். என் இதயத்தை அழைத்து விசாரித்தேன். குற்றச்சாட்டை முற்றிலும் மறுக்கிறது.

விடுதியில் பையன்கள் ராத்திரி மதில் ஏறிக் குதித்த ஒரு கோடையில், மதிலோரம் நல்லபாம்பு திரிவதாக நானே ஒரு புரளி கிளப்பினேன். ஒரு மாதம் ஒருத்தனும் அந்தப் பக்கம் போகவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பாம்பு ஞாபகம் வந்தது. என் மகன்தான் நீ. ஆனால் அந்தப் பாம்பு என்னுடையது. என்னிடமே விடாதே.

முதியோர் இல்லத்து வார்டனுக்கு என் வணக்கத்தைச் சொல். இப்போதைக்கு வருவதாக இல்லை என்றும் சொல்.

இப்படிக்கு,
அப்பா


மே 12

மகனுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மாலை மந்திரி ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து செஸ் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார், எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதால் எனக்குப் புரியவில்லை. நாற்காலியில் இருந்தவர் பாதி நுரையோடு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கடிகாரம் அவர் கையில் இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து அவர் கையில்தான் இருந்தது. உன் ஏப்ரல் கடிதத்தை நான் கடைக்கு எடுத்துப் போய்ச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தாளம் தப்புகிறது என்ற இடம் வந்ததும் கத்தரியை நிறுத்திவிட்டு, "யார் இதயம், என்னுதா? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். உங்க பையன் உங்கள மிரட்டுறான் சார். நீங்க ஆடுங்க" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம்.

மருத்துவர் இளைஞர். கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே சொல்லியிருக்குமே. ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையோட போயிருக்கும். யார் போனுக்குச் செய்தி போகுது?" என்றார். மந்திரியின் மனைவி என்னைப் பார்த்தார்.

கருவி முதலில் சொன்னது என்றைக்கு? மருத்துவர் தேதி கேட்கிறார். எழுது.

அப்பா


மே 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி. ஒன்பதாம் தேதி கடிதத்தில் தெரிவித்திருக்கிறேன்.

மந்திரி அவர்களின் நிலை கேட்டு வருந்துகிறேன். தபால் தாமதத்துக்கு நாம் பொறுப்பாக முடியாது. இந்த வாக்கியம் என்னுடையது அல்ல. அம்மாவை எடுத்த பிறகு துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் நீங்கள் சொன்னது.

மகன்


ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? மந்திரி ஐயாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கையை அசைக்க முடிகிறதா? என் முதுகுவலி பரவாயில்லை.

இதை என் வேலையிடத்தில் உட்கார்ந்து எழுதி இங்கிருந்தே தபாலில் போடுகிறேன். காரணம் இருக்கிறது. மார்ச் மாதம் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டார். எங்கள் தபால்பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி, கையில் கொடுத்தார். "எனக்கு வந்தத எதுக்குப் பிரிச்சீங்க?" என்று கேட்டேன். "விடுதியில எல்லாக் கடிதமும் அப்படித்தான் கைக்கு வரும்" என்றார்.

அதற்கு முதல் நாள் நடந்ததையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் போனில் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார், தண்ணீர் கொட்டிவிட்டது. உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்ன பிறகும் நம்பவில்லை. எச்சில் கையோடு மறுநாள் இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டார். என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். சட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்தார். மடிக்கக்கூட இல்லை.

மறுநாள் உங்கள் கடிதம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். அதன் பிறகும் அந்தச் சத்தம் அடிக்கடி வந்தது. ஒரு தரம் கேட்டேன்.

"அது என்ன சத்தம்? மாமாவுக்கு ஏதாவதா?"

"அது அப்பாவோடது இல்ல. நீ சாப்பிடு."

கிடங்கு வேலை சம்பந்தமாக ஏதோ என்று இருந்துவிட்டேன். எனக்கு உறைக்கவில்லை மாமா. உங்கள் கடிதத்தை நானும்தானே படித்தேன்.

இன்னொன்று. அவர் சாப்பிடும்போது போனைத் தட்டுக்கு எதிரே நிறுத்திவைத்து உங்கள் நாற்காலியின் முதுகைப் பார்ப்பார். தினமும் பார்ப்பார். தலையணை என்று தெரிந்த பிறகும் பார்த்தார்.

நீங்கள் இருவரும் இதை நிறுத்தினால் என்ன?

இப்படிக்கு,
மருமகள்


ஜூன் 25

மகனுக்கு,

தேதி கிடைத்தது. மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்.

ஜனவரி ஆறாம் தேதி கடிதத்தில் அறிவித்த முடிவை ரத்து செய்திருக்கிறேன். நாற்காலி மறுபடி வாசலைப் பார்க்கிறது. சரியாகச் சொன்னால், முன்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக் கொஞ்சம் உயர்த்தியிருப்பதால் வாசலுக்கு மேலே பார்க்கிறது. தலையணையைக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டேன்.

எழுப்பு மணி அடித்ததும் எழுகிறேன். குளியல் மணிக்குக் குளிக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறேன். விளக்கணைப்பு மணி வரை பார்க்கிறேன். இனி வெளியே போக அனுமதி கேட்க மாட்டேன். போவதற்கு இடமும் இல்லை.

விடுதியில் படிப்பு நேரத்தில் நான் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். பேச மாட்டேன், பிரம்பை எடுக்க மாட்டேன், பார்ப்பேன். எத்தனை பெரிய போக்கிரியும் சிறிது நேரத்தில் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துவிடுவான். கவிழ்க்காமல் என்னைத் திருப்பிப் பார்த்தவன் ஒருவன்தான். உனக்கு அவனைத் தெரியும். உனக்கு இன்னும் அது முடிகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ எப்போது திறந்து பார்த்தாலும் நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ சாப்பிடும் நேரம் இங்கே எத்தனை மணி என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

கடிகாரம் இன்னும் மந்திரியின் வலது கையில்தான் இருக்கிறது. கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மனைவி தினமும் சார்ஜ் போட்டு மறுபடி கட்டிவிடுகிறார். இதயத் துடிப்பு வரும். நடை பூஜ்யம் என்று வரும். கருவியில் கோளாறு என்று நினைத்துவிடாதே.

அப்பா


ஆகஸ்ட் 3

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீ நலமா?

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாளாகிவிட்டது. நிறுத்தினால் என்ன என்று கேட்டிருந்தாய். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மந்திரியை அவர் மகள் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். ரயில் ஏற்றிவிடப் பகலில்தான் போனேன், வாசற்கதவு வழியாகத்தான் போனேன். செஸ் பலகையை என் கையில் கொடுத்தார். பாதி ஆட்டம் அப்படியே இருக்கட்டும் என்று சைகையில் சொன்னார். காய்கள் எல்லாம் பைக்குள் கொட்டிக் கிடந்தன. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். என் முடி காதை மறைக்கிறது.

மாத்திரைப் பெட்டி நேரத்துக்குத் திறக்கிறது. டப்பா மணி அடிக்கிறது. அவன் அங்கிருந்து நிறுத்தினால்தான் அணையும் கேமராவின் சிறு விளக்கு வியாழக்கிழமையிலிருந்து எரியவில்லை.

இப்படிக்கு,
மாமா